மணல் காபி பிரமாதம், மெனு அட்டை புளுகு: ஃப்ரேசர் டவுன் கடை ஒன்று

கடை பெயரைப் போடப் போவதில்லை. போட்டால் அடுத்த ஞாயிறு எனக்கே உட்கார இடம் கிடைக்காது, அதோடு கீழே கொஞ்சம் திட்டவும் போகிறேன். பெங்களூரு ஃப்ரேசர் டவுனில் மாஸ்க் ரோட்டை ஒட்டிய ஒரு சந்து, மாடியில் டியூஷன் சென்டர், கீழே இந்தக் காபிக் கடை. உள்ளே நுழைந்ததும் பெரிய பித்தளைத் தாம்பாளம், அதில் நான்கு விரல் உயரத்துக்கு மணல், அடியில் அடுப்பு. இந்த அடையாளம் போதும், தேடுகிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

முதலில் காபி. துருக்கி காபி 220 ரூபாய். கொள்ளை விலைதான், ஹலசூருவில் எங்கள் வீட்டு முனையில் அதில் பத்தில் ஒரு பங்கு காசுக்கு ஃபில்டர் காபி குடித்துவிடுவேன். ஆனால் இங்கே போடுவதைப் பார்க்க வேண்டும். ரவை பதமில்லை, மாவு பதம்கூட இல்லை, முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி அரைத்த தூள். நீளக் கைப்பிடி வைத்த சின்னச் செம்புக் கிண்ணியில், ஜெஸ்வே என்கிறார்கள், தூள், தண்ணீர், சர்க்கரை மூன்றையும் முதலிலேயே ஒன்றாகப் போட்டு, அதை மணலுக்குள் இடுப்பு வரை புதைத்து மெதுவாகச் சுற்றி இழுக்கிறான் பையன். ஒரு நிமிடம் ஒன்றுமே நடக்காது. அப்புறம் ஓரத்திலிருந்து நுரை கூடி, பால் பொங்குகிற மாதிரி விளிம்புக்கு வரும், வழிவதற்கு ஒரு நொடி முன்னால் தூக்கிவிட வேண்டும். நுரையில் கொஞ்சம் கோப்பையில் விட்டு, மறுபடி மணலில் வைத்து, மறுபடி பொங்கவிட்டு ஊற்றுகிறான். வடிகட்டும் வேலையே கிடையாது. கோப்பை மேசைக்கு வந்த பிறகு இரண்டு மூன்று நிமிடம் தொடாமல் இருந்தால் வண்டல் அடியில் படிந்துவிடும். நான் முதல் தடவை டிகாக்‌ஷன் காபி நினைப்பில் கடைசிச் சொட்டு வரை கவிழ்த்துவிட்டேன், சாயங்காலம் வரை பல்லிடுக்கில் தூள் நறநறத்தது.

ருசி நம்ம காபி மாதிரி இல்லை. பால் இல்லை, சிக்கரி இல்லை. கசப்பு வரும், வந்த வேகத்தில் போய்விடும், ஏலக்காய் கேட்டால்தான் போடுவார்கள். எனக்குப் பிடித்தது. ஐந்து முறை போய்விட்டேன்.

மணலில் காபி போடுகிற பையன் கிருஷ்ணகிரிக்காரன், தமிழ் கேட்டதும் முகம் மலர்ந்து "அண்ணா, உங்களுக்கு நுரை ஜாஸ்தி போடட்டுமா" என்று கேட்டான். கடையில் சிறந்த ஐட்டம் அவன்தான்.

இப்போது திட்டப் போகிறேன். மெனு அட்டை.

நான்கு பக்க மெனுவில் இரண்டு பக்கம் சரித்திரம். முதல் கதை: 1683-இல் துருக்கிப் படை ஆஸ்திரியாவின் வியன்னாவை முற்றுகை போட்டது, தோற்று ஓடியது, விட்டுப்போன மூட்டைகளில் காபிக்கொட்டை இருந்தது, அதை வைத்து வீர உளவாளி ஒருவர் ஐரோப்பாவின் முதல் காபிக்கடையைத் திறந்தார், வெற்றியைக் கொண்டாட பேக்கரிக்காரர்கள் துருக்கிக் கொடியின் பிறையைப் பார்த்து க்ரோசான் என்கிற பிறை வடிவ ரொட்டியைச் செய்தார்கள். இதற்குப் பக்கத்திலேயே அம்பு போட்டு, க்ரோசான் 190 ரூபாய். அதாவது, ஒவ்வொரு கடியிலும் ஒரு பிறையைக் கடித்துத் துப்புகிறோம் என்று அர்த்தம் வருகிற மாதிரி ஒரு கதையை, பள்ளிவாசல் பாங்கு காதில் விழுகிற தெருவில், பாதி வாடிக்கையாளர்கள் முஸ்லிம்களாக இருக்கிற கடையில், பெருமையாக அச்சடித்து வைத்திருக்கிறார்கள். எழுதியவர் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை, நெட்டில் எடுத்து ஒட்டியிருக்கிறார், அது தெரிகிறது. ஆனால் கதை அநேகமாக முழுக்கத் தப்பு.

ஐரோப்பாவின் முதல் கடையாக அது இருக்கவே முடியாது. லண்டனில் 1652-இலேயே பாஸ்குவா ரோசே என்பவர் கடை போட்டுவிட்டார். ஸ்மிர்னாவில், இன்றைய துருக்கியின் இஸ்மிர், வியாபாரம் செய்த ஓர் ஆங்கிலேயரின் வேலையாளாக வந்தவர், முதலாளி வீட்டில் தினம் காபி போட்டு, வந்தவர் போனவரெல்லாம் ருசி கண்டு, கடைசியில் தனிக்கடை. வியன்னாவில் முதல் உரிமம் வாங்கியதும் அந்த உளவாளி இல்லை, 1685-இல் யோஹானஸ் டியோடாட்டோ என்கிற ஆர்மீனிய வியாபாரி. மூட்டைக் கதை அதற்கு நூறு வருஷம் கழித்துத்தான் பிரபலமாகிறது. க்ரோசானுக்கு மூத்த அண்ணன் கிப்ஃபெர்ல், அந்தப் பிறை வடிவ ரொட்டி முற்றுகைக்குப் பல நூற்றாண்டு முன்பே ஆஸ்திரியாவில் இருந்தது, அதை பாரிசுக்குக் கொண்டுபோய்ப் பிரபலமாக்கியவர் 1830-களின் கடைசியில் அங்கே வியன்னா பேக்கரி திறந்த ஆகஸ்ட் ஸாங். சண்டைக்கும் ரொட்டிக்கும் சம்பந்தமே இல்லை.

சண்டையையாவது ஒழுங்காகச் சொல்லியிருக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. "சிலுவைக்கும் பிறைக்கும் நடந்த போர்" என்று ஒரு வரி. கேட்க நன்றாக இருக்கிறது, சினிமா டிரெய்லர் மாதிரி. துருக்கிப் பக்கம் நின்று சண்டை போட்டவர்களில் ஹங்கேரியின் புராட்டஸ்டன்ட் தலைவர் இம்ரே தோகோலி இருந்தார், வியன்னாவிலிருந்து ஆண்ட கத்தோலிக்கப் பேரரசரிடம் அடி வாங்கிய கோபம் அவருக்கு. வியன்னாவைக் காப்பாற்ற வந்த போலந்து ராஜா யான் சோபியெஸ்கியின் படையில் லிப்கா தாத்தார்கள் இருந்தார்கள், அவர்கள் முஸ்லிம்கள். பக்கத்திலேயே இருந்த பெரிய கத்தோலிக்க ராஜா, பிரான்சின் 14-ஆம் லூயி, உதவிக்கு ஓர் ஆளை அனுப்பவில்லை. ஏன் அனுப்புவார், வியன்னாவில் இருந்தவர்கள் அவருக்கும் பங்காளிச் சண்டைக்காரர்கள்தான், 1536-இலிருந்தே பிரான்சும் துருக்கி சுல்தானும் கூட்டு. இதையெல்லாம் ஒரு மெனு அட்டையில் போட முடியாதுதான். அப்படியானால் சண்டையையே விட்டுவிட்டு ஹம்முஸ் என்கிற கொண்டைக்கடலை விழுதின் விலையைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டிருக்கலாம், கண்ணாடி இல்லாமல் படிக்க முடியவில்லை.

இரண்டாவது கதை போப். எட்டாம் கிளெமென்ட் காபியைக் குடித்துப் பார்த்து, "சாத்தானின் பானம் இவ்வளவு ருசியா, இதற்கு ஞானஸ்நானம் கொடுத்துவிடுவோம்" என்றாராம். எல்லா ஊர் காபிக்கடைச் சுவரிலும் இது இருக்கிறது. அந்தக் காலத்து ஆதாரம் ஒன்றும் கிடையாது. ஒரு கசப்புத் தண்ணீர் கிழக்கிலிருந்து மேற்கே போவதற்குக்கூட யாரோ ஒருவர் மதம் மாற்றித்தான் அனுப்ப வேண்டும் என்கிற நினைப்பு இதில் இருக்கிறது பாருங்கள், அதுதான் எனக்கு எரிச்சல்.

நிஜத்தில் நடந்தது இதைவிட வேடிக்கை. யேமனில் 15-ஆம் நூற்றாண்டில் சூஃபிகள் ராத்திரி இறைவன் பெயரைச் சொல்லும் திக்ருக்குத் தூங்காமல் இருக்கக் குடித்தார்கள். 1511-இல் மக்காவில் ஹாயிர் பேக் என்கிற அதிகாரி காபியைத் தடை செய்தார், கெய்ரோவிலிருந்த சுல்தான் அந்தத் தடையை நிற்கவிடவில்லை. 1633-இல் இஸ்தான்புல்லில் நான்காம் முராத் காபிக்கடைகளை மூடினார். 1675 டிசம்பரில் லண்டனில் இரண்டாம் சார்லஸும் மூடச் சொல்லி ஆணை போட்டார், ஊரே எதிர்த்ததும் சில நாளிலேயே ஆணையைச் சுருட்டி வைத்துக்கொண்டார். மக்கா, இஸ்தான்புல், லண்டன், எங்கே பார்த்தாலும் மதச் சட்டம், உடம்புக்குக் கேடு, தீ விபத்து என்று ஆளுக்கொரு காரணம் சொன்னாலும் அடியில் கிடந்த பயம் ஒன்றுதான்: நாலு பேர் உட்கார்ந்தால் ராஜாவைப் பற்றிப் பேசுவான். நம்ம டீக்கடையில் "இங்கே அரசியல் பேசாதீர்" போர்டு மாட்டி வைத்தவர்களுக்கு சார்லசும் தெரியாது, முராதும் தெரியாது.

மூன்றாவது விஷயம் கதை இல்லை, வியாபாரம். "அசல் யேமன் மோக்கா கொட்டை" என்று தங்க எழுத்தில் போட்டிருக்கிறார்கள். எனக்குச் சந்தேகம். மூன்றாவது தடவை போனபோது கூட்டம் இல்லை, பையனிடம் மெதுவாகக் கேட்டேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சொன்னான், "சிக்கமகளூரு எஸ்டேட் கொட்டைதாண்ணா. மெனு பழசு."

இதில் எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது, அப்புறம் வருத்தம். ஏனென்றால் பொய் சொல்லத் தேவையே இல்லாத இடத்தில் பொய். சிக்கமகளூருக்குக் காபி எப்படி வந்தது? 17-ஆம் நூற்றாண்டில் பாபா புடான் என்கிற சூஃபி, ஹஜ் போய்த் திரும்பும்போது யேமனிலிருந்து ஏழு கொட்டையை மறைத்துக் கொண்டுவந்து சந்திரகிரி மலையில் ஊன்றினார் என்பது கன்னட நாட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் கதை, தாடிக்குள் என்பார்கள் சிலர், இடுப்பில் கட்டி என்பார்கள் சிலர். முளைக்கிற கொட்டையை அரபிகள் வெளியே விடமாட்டார்கள், அதனால் இந்தக் கள்ளத்தனம். மலைக்கே அவர் பெயர்தான், பாபா புடான்கிரி. டச்சுக்காரர்கள் 1696-இலும் 1699-இலும் ஜாவாவுக்குக் காபிச் செடி கொண்டுபோனது எங்கிருந்து? நம்ம மலபார் கரையிலிருந்து. ஜாவாவிலிருந்து ஒரு செடி ஆம்ஸ்டர்டாம் தோட்டத்துக்குப் போக, அதன் வாரிசு 1714-இல் அதே 14-ஆம் லூயிக்குப் பரிசாகப் போக, அங்கிருந்து 1720-களில் மார்ட்டினிக் தீவுக்கு. பிறகு கரீபியன் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகள் முதுகு ஒடிந்து விளைவித்த காபி மலிவாகக் கப்பலேறி, 18-ஆம் நூற்றாண்டில் கெய்ரோ கடைத்தெருவிலேயே யேமன் காபிக்குப் போட்டியாக விற்றது. யேமனின் மோக்கா துறைமுகம் சரிய ஆரம்பித்தது அப்படித்தான். அதைச் சாய்த்ததில் பெரிய பங்கு முற்றுகைக்கு இல்லை, விலைக் குறைப்புக்குத்தான். இப்போது மோக்கா என்றால் சாக்லேட் போட்ட காபி, ஊர் பெயர் என்று யாருக்கு நினைவிருக்கிறது.

இவ்வளவு சாமான் கையில் இருக்கிறது, கொட்டையும் அந்த மலைக் கொட்டையேதான், ஐந்தாறு மணி நேரம் கார் ஓட்டினால் செடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வரலாம். மெனுவில் பாபா புடானுக்கு ஒரு வரி இல்லை. வியன்னாவுக்கு அரைப் பக்கம்.

சரி, கஹ்வா என்கிற அரபுக் காபிக்கு வருகிறேன். நான்காவது தடவை சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் 1984-இலிருந்து 15 வருஷம் சவூதியில், தஹ்ரான் பக்கம் எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் தங்கும் ஒரு கேம்ப்பில் சமையல்கட்டில் இருந்தவர். முதலில் பாத்திரம் கழுவ, பிறகு விருந்தாளிகளுக்குக் கஹ்வா ஊற்ற. அரபுக் காபி என்று மெனுவில் பார்த்ததும் ஆர்டர் செய்தார், இரண்டு பேருக்கு 380 ரூபாய், பேரீச்சம்பழம் ஆறு. வந்தது. நீள மூக்கு வைத்த தல்லா கூஜா அழகாக இருந்தது. பக்கத்தில் கைப்பிடி இல்லாத சின்னக் கோப்பைகள், ஃபின்ஜான். காபி பொன்னிறத்தில், கிட்டத்தட்ட சுக்குத் தண்ணீர் நிறம், ஏலக்காய் தூக்கலாக. நான் ஊற்றப் போனேன், சித்தப்பா கையைத் தட்டிவிட்டார்.

"டேய், விளிம்பு வரைக்கும் ஊத்துனா எந்திரிச்சுப் போன்னு அர்த்தம். கால்வாசிதான் ஊத்தணும்."

இடது கையில் கூஜா, வலது கையில் கோப்பை, நின்றுகொண்டுதான் ஊற்ற வேண்டும். குடித்து நீட்டினால் மறுபடி ஊற்ற வேண்டும். போதும் என்றால் வாயால் சொல்லக் கூடாது, கோப்பையை லேசாக இப்படியும் அப்படியும் ஆட்ட வேண்டும். ஆட்டும் வரை ஊற்றுகிறவன் நிறுத்தக் கூடாது. புதிதாக வந்து இறங்கும் அமெரிக்க எஞ்சினியர்களுக்கு இது தெரியாது. வெறும் கோப்பையை மரியாதையாகத் திருப்பி நீட்டுவார்கள், சித்தப்பா ஊற்றுவார். மறுபடி குடித்து, மறுபடி நீட்டுவார்கள், மறுபடி ஊற்றுவார். ஒருத்தர் பதினோரு கோப்பை குடித்துவிட்டு நெற்றி வியர்த்து உட்கார்ந்திருந்தாராம், மறுப்பது மரியாதை இல்லை என்று அவருக்கு யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எதிரே சவூதி அதிகாரி, இவர் என்ன இவ்வளவு கஹ்வா பிரியராக இருக்கிறாரே என்று சந்தோஷத்தில் இன்னும் ஊற்றச் சொல்கிறார். "ரெண்டு பேருமே நல்லவங்கதாண்டா, நடுவுல என் கைதான் வலிச்சுது" என்றார்.

பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு 1991-ஐச் சொன்னார். குவைத் சண்டை சமயம். பிப்ரவரி 25 ராத்திரி ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை அமெரிக்கப் படையினர் தங்கியிருந்த கட்டடத்தில் விழுந்து 28 பேர் செத்தார்கள், இவருடைய கேம்ப்பிலிருந்து அவ்வளவு தூரம் இல்லை. சைரன் அடங்கிய பிறகு கேம்ப் ஹாலில் சவூதிக்காரர்கள், அமெரிக்கர்கள், நம்ம ஆட்கள், ஃபிலிப்பைன்ஸ் ஆட்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்துவிட்டார்களாம். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, இவர் பாட்டுக்குக் கஹ்வா போட்டு ஊற்றியிருக்கிறார். "விடியற வரைக்கும் ஊத்தினேன். ஒருத்தனும் கோப்பைய ஆட்டல. சவூதிக்காரனும் ஆட்டல." அவ்வளவுதான் சொன்னார், பேரீச்சம்பழக் கொட்டையைத் துப்பிவிட்டு பக்லாவா இனிப்பை எடுத்தார்.

பக்லாவா பற்றி: பிஸ்தாவுக்குப் பதில் பட்டாணி நிறத்தில் என்னவோ, வேர்க்கடலை என்பது சித்தப்பாவின் தீர்ப்பு. 160 ரூபாய்க்கு இரண்டு துண்டு, வேண்டாம். ஹம்முஸ் சுமார், எலுமிச்சை அதிகம். க்ரோசான், கதையை மன்னித்துவிட்டால், நன்றாகவே இருக்கிறது, காலையில் போனால் சூடாகக் கிடைக்கும். கிரேக்க காபி என்று தனியாக 260-க்கு ஒரு ஐட்டம் உண்டு, அதை வாங்காதீர்கள், அதே மணல், அதே தூள், அதே பையன். 1974-இல் துருக்கி சைப்ரஸில் படை இறக்கிய பிறகு கிரேக்கர்கள் துருக்கி காபியைக் கிரேக்க காபி என்று பெயர் மாற்றிக் கூப்பிடுவது பரவலானது, இங்கே அந்தப் பெயர் மாற்றத்துக்கு 40 ரூபாய் வாங்குகிறார்கள். பில்லில் சர்வீஸ் சார்ஜ் கேட்காமலே சேர்த்திருந்தார்கள், சொன்னதும் முகம் சுளிக்காமல் எடுத்துவிட்டார்கள். பாத்ரூம் சுத்தம். வண்டி நிறுத்த இடம் சுத்தமாக இல்லை, ரம்ஜான் மாதம் அந்தப் பக்கம் இருசக்கர வண்டியோடுகூடப் போகாதீர்கள், நடந்து போங்கள்.

கிளம்பும் முன் சித்தப்பா அந்தக் கிருஷ்ணகிரிப் பையனைக் கூப்பிட்டு, கூஜா பிடிப்பதிலிருந்து எல்லாவற்றையும் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார். பையன் நாலு தடவை செய்து காட்டினான். கூஜாவைச் சாய்த்த கையை மெல்ல மேலே தூக்கி, மெல்லிசாக நூல் மாதிரி இறக்குவதுகூட அவனுக்கு வந்துவிட்டது.

போன ஞாயிறு ஐந்தாவது தடவையாக நான் மட்டும் போயிருந்தேன். பையன் தல்லாவோடு மேசை மேசையாக நின்று ஊற்றிக்கொண்டிருந்தான், படு ஸ்டைல். ஐ.டி. கும்பல் ஒன்று ஆறு பேர், குடித்துக் குடித்துக் கோப்பையை நீட்டுகிறார்கள், யாரும் ஆட்டவில்லை, இவன் நிறுத்தவில்லை, கல்லாவில் முதலாளி கஹ்வா போகிற வேகத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். மெனுவைத் திறந்தேன். வியன்னா அப்படியே இருக்கிறது, போப்பும் இருக்கிறார், யேமன் மோக்காவும் தங்க எழுத்தில் இருக்கிறது. கஹ்வாவுக்குக் கீழே மட்டும் புதிதாக ஒரு ஸ்டிக்கர், பேனாவால் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் எழுதியிருந்தார்கள்: போதுமென்றால் கோப்பையை ஆட்டவும். சித்தப்பாவிடம் போனில் சொன்னேன். "380-ல ஏதாவது குறைச்சானா?" என்று கேட்டார். குறைக்கவில்லை, 420 ஆக்கியிருக்கிறார்கள்.